புள்ளியை எண்ணும் முன் கடைசிக் காலைப் பாருங்கள்: பார் நண்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

பவளப்பாறைகளில், அதாவது நம் கடற்கரைக்காரர்கள் ‘பார்’ என்று சொல்லும் இடங்களில் வாழும் நண்டுகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அந்தமானில், இரவு வற்றத்தின்போது பாறையிடுக்கில் ஒரு பெரிய நண்டைப் பார்த்தோம். ஓடு வழவழவென்று, வெளிர் பழுப்பு. அதன்மேல் ரத்தச் சிவப்பில் வட்டப் புள்ளிகள். கிட்டே போயும் ஓடவில்லை. என்ன நண்டு அது? (வாசகர், அந்தமான்)

பதில்: கார்பிலியஸ் மாகுலேட்டஸ். ஆங்கிலத்தில் ‘செவன் லெவன்’ நண்டு என்பார்கள். 1758-இல் லின்னேயஸே பெயரிட்ட பழைய இனம். பார் நண்டுகளில் இதைவிடப் பெரியவை குறைவு. ஓட்டின் அகலம் 15 சென்டிமீட்டரைத் தாண்டும்; முற்றியது 18 வரை போகும்.

புள்ளிகளின் அமைப்பு இது: ஒவ்வொரு கண்ணுக்கும் அருகில் இரண்டு, முதுகின் நடுவில் குறுக்காக மூன்று, பின்விளிம்பை ஒட்டி இரண்டு அல்லது நான்கு. கூட்டினால் ஒன்பது அல்லது பதினொன்று. மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிற ஏழை மட்டும் எண்ணினார்கள், பிறகு ஓரத்தில் உள்ளவற்றையும் சேர்த்துப் பதினொன்று என்றார்கள். பெயர் அப்படி வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஹவாய்த் தீவில் இதன் பெயர் அலாகுமா. பசித்த கடல் தெய்வம் ஒன்று இதைப் பிடிக்க, நண்டு கடித்து ரத்தம் வரவைத்ததாம். ரத்தம் தோய்ந்த விரல் தடங்கள்தான் இந்தப் புள்ளிகள் என்று அங்கே கதை.

புள்ளியை மட்டும் நம்பி இனத்தை முடிவு செய்யாதீர்கள். செத்து வெயிலில் காய்ந்த ஓட்டில் புள்ளி வெளுத்துவிடும்; ஆல்கஹாலில் போட்டால் சிவப்பு கரைந்தே போய்விடும். அதனால் வடிவத்தைப் பாருங்கள். ஓடு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி உப்பலாக, மேடுபள்ளம், மயிர், மணல்பரு எதுவும் இல்லாமல் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஓரம் நெடுகத் தடவினால் பல்லே தட்டாது. ஓட்டின் பக்கவாட்டு மூலையில் மட்டும் மழுங்கிய ஒரு மேடு. இரண்டு கண்ணுக்கும் நடுவே நெற்றி விளிம்பு மழுங்கல் மடல்களாக முன்னுக்கு நீட்டியிருக்கும். நடக்கும் கால்கள் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். தட்டையாகவோ மேல்விளிம்பில் கூர்மையாகவோ இருந்தால் அது கார்பிலியஸ் அல்ல. கொடுக்குகள் கனமானவை, ஒன்று மற்றதைவிடப் பெரிது, பெரும்பாலும் வலதுதான் பெரியது. கொடுக்கின் விரல்கள் கரும்பழுப்பு நிறம்.

நீங்கள் கவனித்தபடி இது ஓடுகிற நண்டு அல்ல. பகலெல்லாம் குகையிலோ பாறை விளிம்பின் அடியிலோ கிடந்து, இருட்டியபின் மெதுவாக வெளியே வரும். இவ்வளவு தடித்த ஓடும் இந்தக் கொடுக்கும் இருக்கும்போது ஓடுவதற்கு அவசியமும் இல்லை. கையால் எடுத்துப் பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: நண்டு வலையில் தினமும் வருகிற மூணு கண்ணு நண்டுக்கும் முதுகில் சிவந்த புள்ளிதான். அதுவும் இந்தக் குடும்பமா? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: உறவே இல்லை. மூணு கண்ணு நண்டு நீந்தும் நண்டுக் குடும்பம். அதன் கடைசிச் சோடிக் காலைப் பாருங்கள்: நுனி தட்டையாக, துடுப்பாக இருக்கும். ஓட்டின் ஓரத்தில் வரிசையாக முட்பற்கள், இரு பக்கமும் நீண்டு கூர்த்த கடைசி முள் ஒன்று. புள்ளிகள் மூன்றும் ஓட்டின் பின்பாதியில்தான், வெளிறிய வளையம் சூழ்ந்து இருக்கும். நீலக்கால் நண்டு, சிலுவை நண்டு, சேற்று நண்டு எல்லாவற்றுக்கும் அதே துடுப்புக்கால் உண்டு. பார் நண்டுகளுக்குக் கடைசிக் காலும் மற்றக் கால்களைப் போலவே கூரிய நகத்தில் முடியும். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய உறுப்பு இதுதான்.

உண்மையில் குழப்பக்கூடியது வேறொன்று: லியாகோர் ருப்ரோமாகுலேட்டா. இதுவும் வழவழப்பு, இதுவும் வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளி. ஆனால் அளவில் சிறியது; ஓடு அகலவாக்கில் முட்டை வடிவம்; புள்ளிகள் ஏராளம், சிறியவை, கொடுக்கிலும் கால்களிலும்கூடத் தெளித்திருக்கும். கார்பிலியஸின் புள்ளிகள் ஓட்டில் மட்டும், பெரிதாக, எண்ணிக்கையில் அடங்கி இருக்கும். கண்ணைச் சுற்றிப் பழுப்பு வளையம் போட்டு, கொடுக்கால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் புதைந்திருந்தால் அது கலாப்பா, பெட்டி நண்டு. பார் பக்கத்து மணலில் அதுவும் கிடைக்கும்.

கேள்வி: புறாத்தீவில் சுழியோடும்போது புள்ளியில்லாத, ஆனால் இதே உருவமுள்ள செம்பழுப்பு நண்டொன்றைக் கண்டேன். இந்த நண்டுகள் எந்தெந்த நாடுகளில் உண்டு? இலங்கையில் எங்கும் உண்டா? (வாசகர், திருகோணமலை)

பதில்: நீங்கள் கண்டது பெரும்பாலும் கார்பிலியஸ் கான்வெக்ஸஸ். உருவம் அதே அச்சு, அளவில் சற்றுச் சிறியது. வட்டப் புள்ளி கிடையாது. மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து செம்பழுப்பு வரை ஒழுங்கற்ற திட்டுகள் இருக்கும், அல்லது ஒரே நிறமாக இருக்கும். செங்கடலில் கிடைத்ததை வைத்து 1775-இல் ஃபோர்ஸ்கால் பெயரில் வெளியான விவரிப்புதான் இதற்கு முதல் விவரிப்பு.

இன்று உலகத்தில் உயிரோடு இருக்கும் கார்பிலியஸ் மூன்றே இனம். அந்தக் குடும்பம் முழுவதுமே அவ்வளவுதான். மாகுலேட்டஸ், கான்வெக்ஸஸ் இரண்டும் செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி, இந்துமாக்கடல் முழுக்க, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தெற்கு ஜப்பான், வட ஆஸ்திரேலியா வழியாக ஹவாயும் பிரெஞ்சு பொலினேசியாவும் வரை பரந்திருக்கின்றன. மூன்றாவதான கார்பிலியஸ் கொரலினஸ் அட்லாண்டிக்கின் மேற்கில், புளோரிடா, கரீபியன் தீவுகள் தொடங்கி பிரேசில் வரை. செங்கல் சிவப்பில் வெள்ளை, மஞ்சள் கோடுகளுடன் பார்க்க அழகானது. 1783-இல் ஹெர்ப்ஸ்ட் விவரித்தார். எனவே இந்துமாக்கடலில் எடுத்த படத்துக்கு யாராவது ‘கொரலினஸ்’ என்று பெயர் சொன்னால் உடனே மறுக்கலாம். இடம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே இனம் எப்படிப் பரவியது? பெரிய நண்டு தன் பாறையை விட்டு அதிகம் நகர்வதில்லை. பரவுவது அதன் குஞ்சு. முட்டையிலிருந்து வெளிவரும் சோயியா என்ற மிதக்கும் பருவம் பல தடவை சட்டை உரித்து, மெகலோப்பா ஆகி அடியில் இறங்கும்வரை வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு போகிறது. இடையிடையே தீவும் பாறையும் இருந்தால் தலைமுறை தலைமுறையாகத் தாவித் தாவிப் போய்விடலாம். மத்திய பசிபிக் தீவுகளுக்கும் அமெரிக்கக் கரைக்கும் இடையில் சுமார் 5,000 கிலோமீட்டர் ஆழ்கடல், கால் ஊன்ற இடமே அநேகமாக இல்லை. பார்வாழ் உயிர்கள் பலவற்றுக்கு அது எல்லைக்கோடு. மேற்கே ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி அட்லாண்டிக்குக்குள் போக முடியாதபடி பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் தடுக்கிறது. பூமியில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இந்தக் குடும்பத்தின் பழைய உறவுகளின் புதைபடிவங்கள் இத்தாலியிலும் எகிப்திலும் கிடைக்கின்றன. அப்போது அங்கெல்லாம் வெப்பக்கடல்.

உள்ளூர் அளவில் பார்த்தால் இவை கடினமான தரையைக் கேட்கிற நண்டுகள். இலங்கையில் ஹிக்கடுவை, புறாத்தீவு, கற்பிட்டியை அடுத்த பார்கள் பொருத்தமான இடங்கள். இந்தியப் பக்கம் லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், மன்னார் வளைகுடா. மணலும் ஆற்றுச் சேறும் நிறைந்த சென்னை, கடலூர்க் கரையில் தேடினால் கிடைக்காது. ‘இந்துப் பசிபிக் முழுவதும்’ என்று ஒரு பரவல் வரைபடம் நீல வண்ணம் பூசியிருந்தாலும், அந்த வண்ணத்துக்குள் நண்டு இருப்பது திட்டுத்திட்டாகத்தான்.

கேள்வி: சங்காயத்தோடு (வலையில் வரும் கழிவு மீன்களோடு) வருகிற பார் நண்டுகளை வீணாக்காமல் சமைக்கலாமா? நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்கிறார்களே? (வாசகர்கள், கீழக்கரை, தூத்துக்குடி, மண்டபம்)

பதில்: வேண்டாம். வேகவைத்தால் போகாது.

பார் நண்டுகளில் சாந்திடே குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்களின் உடம்பில் சாக்ஸிடாக்சின், டெட்ரோடோடாக்சின் என்ற நரம்பு நஞ்சுகள் உண்டு. பின்னது பேத்தை மீனில் இருப்பதேதான். இரண்டுமே சமையல் சூட்டில் அழிவதில்லை. இரண்டும் நீரில் கரையும். ஆகவே நண்டு ரசம் வைத்தால் சதையில் இருந்தது ரசத்துக்கு வந்துவிடும். தண்ணீரை வடித்துக் கொட்டினாலும் போதுமான அளவு சதையில் மிஞ்சும். பேத்தையிலாவது ஈரலையும் சினையையும் நீக்கும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. இங்கே அந்த வழியும் இல்லை: நாம் விரும்பித் தின்கிற கொடுக்குச் சதையிலும் கால் சதையிலும் ஓட்டிலுமே நஞ்சு இருக்கிறது. மனிதர் உண்ணும் சிப்பிக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்சின். இந்த நண்டுகள் அதைப் பல மடங்கு தாண்டக்கூடியவை.

அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கைச் சொல்கிறோம்.

சோசிமஸ் ஈனியஸ். மிக ஆபத்தானது. ஓடு முழுக்க வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளங்கள், இடையில் புடைத்த மேடுகள். வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள். கால்கள் தட்டையாகி மேல்விளிம்பு கூர்மையாக எழும்பி நிற்கும், ஓரத்தில் மயிர். கொடுக்கின் விரல் கருப்பு. அகலம் 6 முதல் 9 சென்டிமீட்டர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹவாய் வரை, அலை வற்றும்போது காலில் படும் ஆழத்திலேயே வாழும். இதனால்தான் அதிகம் பேர் பிடித்துத் தின்கிறார்கள். பிலிப்பைன்ஸ், தெற்கு ஜப்பான் தீவுகள், கிழக்குத் தைமூர் என்று இதைத் தின்று இறந்தவர்கள் பற்றிய பதிவுகள் பல.

அட்டர்காட்டிஸ் ஃபுளோரிடஸ். சிறியது, 5 சென்டிமீட்டர் அளவு. அகல முட்டை வடிவம், பச்சை கலந்த பழுப்பில் வெளிர் சரிகைக் கோலம், கருப்பு விரல். பாறையோரங்களில் சாதாரணமாகக் கிடைக்கும்.

அட்டர்காட்டிஸ் இன்டகரிமஸ். மேற்சொன்னதன் உறவு, பெரியது, செங்கல் சிவப்பு, வெண்ணிறப் பொட்டுகள் தூவியது. பார்ப்பதற்கு வெந்த நண்டு மாதிரியே இருப்பதால் ஆசை காட்டும். நஞ்சின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் தின்று பிழைத்தது இன்னோரிடத்துக்குச் சான்றாகாது.

லோஃபோசோசிமஸ் பிக்டர். ஆரஞ்சுச் சிவப்பில் வெள்ளை வலைப்பின்னல் கோலம். இதில் பாலிடாக்சின் என்ற இன்னொரு கொடிய நஞ்சும் கண்டறியப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் இதைப் பற்றிய ஆய்வுகள் அதிகம்.

நஞ்சு நண்டே தயாரிப்பதல்ல என்பது பொதுவான முடிவு. சாக்ஸிடாக்சின் நுண்பாசிகள் செய்வது; ஜானியா என்ற சுண்ணாம்புச் சிவப்புப் பாசியையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு மூலமாகக் காட்டியிருக்கிறார்கள். டெட்ரோடோடாக்சினின் பின்னால் பாக்டீரியாக்கள். தின்னும் உணவைப் பொறுத்தது என்பதால் ஒரே பாரில் அடுத்தடுத்துப் பிடித்த இரண்டு நண்டுகளில் ஒன்று லேசாகவும் மற்றது கொல்லும் அளவிலும் இருக்கலாம். “எங்கள் பாட்டன் காலத்திலிருந்து தின்கிறோம்” என்ற வாதம் இங்கே நிற்காததற்குக் காரணம் இதுதான். பூனைக்கோ கோழிக்கோ போட்டுச் சோதிப்பதும் அதே காரணத்தால் பயனற்றது. அது தின்ற காலில் இல்லாதது உங்கள் தட்டில் உள்ள காலில் இருக்கலாம்.

கருப்பு விரல் என்றாலே விஷம் என்று ஒரு சுருக்குவழி சொல்வார்கள். எச்சரிக்கையாக நல்லது, விதியாகத் தவறு. புளோரிடாவில் விலை போகிற கல் நண்டு மெனிப்பிக்கும் விரல் கருப்புதான், அது உணவு நண்டு. எங்கள் கருத்தில் சமையலறைக்கு ஏற்ற விதி வேறு: நம் மீன் சந்தைக்கு வழக்கமாக வரும் துடுப்புக்கால் நண்டுகளோடு நில்லுங்கள். கூர்நகக் கால் உள்ள, பாரில் பிடித்த நண்டை, கார்பிலியஸ் உட்பட, அடுப்பில் ஏற்றாதீர்கள். வெந்தபின் எல்லா நண்டும் சிவப்பாகிவிடும், அப்போது கோலம் பார்த்துப் பிரிக்க முடியாது. பிரிப்பதைப் பச்சையாக இருக்கும்போதே முடியுங்கள். சங்காயத்தில் வரும் கால் உடைந்த துண்டுகளைத் தனியே சேர்த்துக் குழம்பு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கேள்வி: தெரியாமல் தின்றுவிட்டால் என்ன செய்வது? மாற்று மருந்து உண்டா? (வாசகர், மண்டபம்)

பதில்: மாற்று மருந்து இல்லை, ஆனால் சிகிச்சை இருக்கிறது. தின்ற சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல்நுனி மரத்துப்போகும். ஊறல், வாந்தி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி என்று ஏறும். கொல்வது மூச்சுத்தசை நிற்பதுதான். உதடு மரத்த உடனேயே கிளம்பிவிட வேண்டும், தளர்ச்சி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. செயற்கை சுவாசக் கருவி உள்ள மருத்துவமனையைக் கேட்டுப் போங்கள்.

உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை மரத்தவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. அசைவற்றுக் கிடப்பவருக்கு முழு நினைவு இருக்கலாம். பக்கத்தில் நின்று கண்டதைப் பேசாதீர்கள். நஞ்சு சிறுநீரில் வெளியேறக்கூடியது, முதல் 24 மணி நேரத்தைக் கருவியின் துணையோடு கடந்தவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். மிச்ச நண்டையோ ஓட்டையோ பையில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தசைவலியும் சிறுநீர் கரும்பழுப்பாகப் போவதும் இருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். அது பாலிடாக்சினைக் குறிக்கலாம், கவனிப்பு வேறு.

கேள்வி: பள்ளி அருங்காட்சியகத்துக்குப் பார் நண்டுகளைப் பாடம் செய்து வைக்கிறோம். கால்கள் எல்லாம் கழன்றுவிடுகின்றன, நிறமும் போய்விடுகிறது. எங்கே தவறு? (ஆசிரியை, ராமநாதபுரம்)

பதில்: உயிரோடு ஆல்கஹாலில் போட்டிருப்பீர்கள். நண்டு அதிர்ச்சியில் தன் காலைத் தானே கழற்றிவிடும். அதற்கென்றே காலின் அடியில் முறியும் இடம் ஒன்று இருக்கிறது. முதலில் ஐஸில் புதைத்து மரக்கச் செய்து, பிறகு உறைபெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டால் கால் கழலாது.

நிறத்தைக் காப்பாற்ற வழியில்லை, அதனால் படம் எடுங்கள். ஈரத்தோடு, மர நிழலில், சாம்பல் நிறத் துணிமேல், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஐந்து படம்: முதுகு, நேர் முன்பக்கம் (நெற்றி மடல்கள் தெரியும்படி), வயிறு, இரண்டு கொடுக்குகளின் வெளிப்பக்கம், கடைசிக் கால். வயிற்றுப் படத்தில் மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். அளவு என்றால் ஓட்டின் மிக அகலமான இடம். கால் விரித்த அளவு எதற்கும் உதவாது.

பிறகு 70 சதவீத எத்தனால். கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். நண்டின் பருமனைப்போல் மூன்று மடங்காவது திரவம் வேண்டும். உடம்பு நீர் கலந்து செறிவு குறைந்துவிடும் என்பதால் இரண்டாம் நாள் ஒருமுறை கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். இதைச் செய்யாத புட்டிகள்தான் நாறுகின்றன. ஃபார்மலினில் நீண்டநாள் வைத்தால் அது அமிலமாகி ஓட்டின் சுண்ணாம்பை அரிக்கும், மூட்டுகள் நொறுங்கும். இடம், தேதி, ஆழம், எதிலிருந்து கிடைத்தது என்று தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். இடம் எழுதாத நண்டு அலங்காரப் பொருள், அவ்வளவுதான்.

சேகரிக்கும் இடம் பற்றி ஒன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே இறங்கிப் பாறையைப் புரட்டக் கூடாது. பவளத்துண்டை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மீன் இறங்குதளத்தில் வலையிலிருந்து உதறிய செத்த நண்டுகளே ஒரு பள்ளிக்குத் தாராளம்.

கேள்வி: ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருப்பது சண்டைக்கா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கார்பிலியஸுக்கு அது முதலில் சாப்பாட்டுக் கருவி. பெரிய கொடுக்கின் விரலடியில் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையான ஒரு குமிழ் இருக்கிறது. சங்கை அங்கே வைத்து அழுத்தினால் விசை முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். உடையாவிட்டால் சங்கின் வாய்விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே உள்ளே போகும். மெல்லிய கொடுக்கு சதையை எடுக்கும். கடல் முள்ளெலியும் உணவில் உண்டு.

குவாம் தீவில் இந்த நண்டையும் செங்கண் நண்டு எரிஃபியா செபானாவையும் வைத்து 1970-களில் ஈடித் சிப்சரும் கீரத் வெர்மேயும் நடத்திய சோதனைகள் புகழ்பெற்றவை. வெர்மே சிறு வயதிலிருந்தே பார்வையற்றவர். சங்குகளை விரலால் தடவியே படித்தவர். வெப்பக்கடல் சங்குகளில் ஓடு தடித்திருப்பது, வாய் குறுகியிருப்பது, விளிம்பில் பல் இருப்பது எல்லாம் இப்படி உடைக்கும் நண்டுகளுக்கு எதிரான காப்பு என்பது அவர் விரிவாக நிறுவிய கருத்து. கரையில் ஒதுங்கும் சங்குகளில் வாய்விளிம்பு துண்டுதுண்டாகச் சிதைந்ததைப் பொறுக்கிப் பாருங்கள். விளிம்பு உடைந்து, மறுபடி வளர்ந்து தழும்பு விழுந்திருந்தால் அந்த நத்தை ஒரு தாக்குதலில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

கேள்வி: பூங்கொத்து மாதிரியான பவளத்துக்குள் சுண்டுவிரல் நகமளவு நண்டுகள் சோடியாக இருக்கின்றன. குட்டிகளா? (வாசகர், ராமேசுவரம்)

பதில்: இல்லை, முழுதாக வளர்ந்தவைதான். பொசிலோபோரா பவளத்தில் இருந்தால் டிரபீசியா. அக்ரோபோராவில் இருந்தால் பெரும்பாலும் டெட்ராலியா. எந்தப் பவளம் என்று குறித்துக்கொண்டாலே பேரினம் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். டிரபீசியாவின் ஓடு தட்டை, வழவழப்பு, முன்பக்கம் அகன்றது. கொடுக்கு உடம்போடு ஒப்பிட நீளம். ஆணும் பெண்ணும் ஒரே கொத்தில் குடியிருந்து பவளம் சுரக்கும் சளியைத் தின்னும். பவளத்தைத் தின்ன வரும் முள்மகுட நட்சத்திர மீனின் அடிக்கால்களைக் கடித்து விரட்டும். டிரபீசியா இனங்களைப் பிரிப்பதில் மட்டும் நிறத்துக்கு மதிப்பு அதிகம்: டிரபீசியா ருஃபோபங்டாட்டாவுக்குச் சிவப்புப் பொட்டுகள், இன்னும் சிலவற்றுக்குப் புள்ளியே கிடையாது. பவளம் வெளுத்துச் செத்தால் இந்த நண்டுகளுக்கும் அங்கே வாழ்வில்லை.

அதே இடுக்கில் மூன்றே சோடி நடைக்கால் தெரிகிற, நீண்ட உணர்கொம்பு ஆட்டுகிற தட்டை நண்டு இருந்தால் அது பீங்கான் நண்டு. துறவி நண்டுகளின் பக்கத்து உறவு. உண்மை நண்டு அல்ல.

கேள்வி: கடல்மீன் தொட்டியில் பாறையோடு ஒரு கருவிரல் நண்டு வந்துவிட்டது. நத்தைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பாறையைக் கலைக்காமல் பிடிக்க முடியுமா? (வாசகர், கொளத்தூர், சென்னை)

பதில்: முடியும். வழுவழுப்பான உயரக் கண்ணாடி டம்ளர் ஒன்றைப் பாறையில் சாய்த்து வையுங்கள். வாய் பாறையைத் தொட வேண்டும், உட்சுவர் செங்குத்தாக ஏறும் அளவுக்குச் சாய்வு கொஞ்சமாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு இறால். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கில் பாருங்கள். வாசனைக்கு இறங்கும் நண்டு வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் நிற்கும். அன்று மாலை மீன்களுக்கு உணவு போடாமல் இருந்தால் தூண்டில் வேகமாக வேலை செய்யும். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், கீறல் விழுந்ததில் கால் பிடித்து ஏறிவிடும். எடுக்கும்போது வெறும் கை கூடாது. பிடித்ததை நம் கடலில் விடவும் கூடாது. அந்தப் பாறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போன அட்டர்காட்டிஸ் இனம் ஒன்று இப்போது அங்கேயே குடியேறிவிட்டது. தனித் தொட்டி இருந்தால் அதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உறைபெட்டி.